ஊசலின் கோணத்தை அளந்த கதை

பள்ளி ஆய்வகத்தில் ஊசலோடு நிற்கும் மாணவர் பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணைத்தான் தேடுகிறார்: இருபது அலைவுக்கு எத்தனை விநாடி? கோணத்தை எவரும் அளப்பதில்லை. ‘வீச்சு சிறியதாக இருக்கட்டும்’ என்று ஆசிரியர் சொல்வதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். இந்தப் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு.

பெரிய வீச்சும் சிறிய வீச்சும் ஒரே நேரத்தையே எடுக்கும் என்று 1602இல் குய்டோபால்டோ டெல் மாண்டேவுக்கு எழுதிய கடிதத்தில் கலிலியோ வாதிட்டார். அது முழு உண்மையன்று. சிறு வீச்சோடு ஒப்பிட்டால், 10 பாகை வீச்சில் அலைவு நேரம் ஏறத்தாழ 0.2 விழுக்காடு கூடும். 30 பாகையில் 1.7; 90 பாகையில் 18. 1656இல் ஊசல் கடிகாரத்தை உருவாக்கிய ஹைகென்ஸ், குண்டு வட்டவில்லில் ஆடாமல் சைக்ளாய்டு வளைகோட்டில் ஆடினால் நேரம் மாறாது என்று 1659இல் நிறுவினார். கோணத்தை அளக்க அவர் முனையவில்லை. கோணம் எதுவானாலும் கவலையில்லை என்ற நிலையை உண்டாக்கினார்.

அடுத்த இரு நூற்றாண்டுகளும் நேரத்துக்கே உரியவை. 1672இல் நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள கயேனுக்குப் போன வானியலாளர் ரிஷேரின் கடிகாரம் நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. நிலநடுக்கோட்டை நெருங்க ஈர்ப்பு குறைவதற்கு அது சான்றாயிற்று. 1792இல் பாரிசில் போர்டா, சோதனை ஊசலும் கடிகார ஊசலும் ஒன்றிச் செல்லும் கணங்களை எண்ணி நேரத்தை அளந்தார். 1817இல் கேட்டர் இரு கத்திமுனைகள் கொண்ட ஊசலைக் கொண்டுவந்தார். நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில் 1821இல் கோல்டிங்காம் செய்த அளவீடும் இந்த மரபைச் சேர்ந்ததே. இவர்கள் வீச்சையும் குறித்துக்கொண்டார்கள். ஆனால் திருத்தம் போட்டு அதன் விளைவைக் கழிப்பதற்காக மட்டும்.

கோண உணரி வந்தபின் கழிக்கப்பட்டதே ஆய்வுப்பொருளாகிவிட்டது. முதலில் கைகொடுத்தது பொட்டன்ஷியோமீட்டர்: அச்சு திரும்பத் திரும்ப மின்னழுத்தம் மாறும். ஆனால் அதன் தொடுமுனை உரசுவதால் ஊசல் சீக்கிரம் நின்றுவிடும். ஒளி என்கோடரில் துளையிட்ட தட்டு ஒளியை மறைத்து மறைத்துத் திறக்கும். கால் துடிப்பு அளவு தள்ளிவரும் இரு துடிப்பு வரிசைகளில் எது முந்துகிறது என்பதே திசையைச் சொல்லும். சுற்றுக்கு 600 துடிப்பு தரும் என்கோடரில் எல்லா ஏற்ற இறக்கங்களையும் எண்ணினால் 2400 படிகள், அதாவது படிக்கு 0.15 பாகை. ஏ.எஸ்.5600 போன்ற காந்த உணரி ஒரு சுற்றை 4096 படிகளாகப் பிரிக்கிறது. அச்சில் ஒட்டிய சிறு காந்தத்தை அது தொடுவதே இல்லை. 2005இல் இத்தாலியில் பிறந்த ஆர்டுயினோ வகைப் பலகைகள் இவற்றை மாணவர் கைக்குக் கொண்டுவந்தன. புதுடெல்லியின் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம் உருவாக்கிய எக்ஸ்ப்-ஐஸ் கருவியில் வழி இன்னும் எளிது: ஊசல் தண்டைச் சிறு டி.சி. மோட்டாரின் அச்சில் மாட்டுகிறார்கள். மோட்டார் தரும் மின்னழுத்தம் கோணத்தைக் காட்டாது, கோணவேகத்தைக் காட்டும். வீச்சின் எல்லையில் சுழி, அடிப்புள்ளியில் உச்சம்.

திரையில் விரியும் வரைகோடு நின்றுகடிகாரத்தால் ஒருபோதும் காட்ட முடியாததைக் காட்டுகிறது. ஒவ்வொரு அலைவிலும் வீச்சு ஒரே அளவு குறைந்தால் அது தாங்கியின் வறண்ட உராய்வு. உச்சிகளை இணைத்தால் நேர்க்கோடு வரும். ஒரே விகிதத்தில் குறைந்தால் வேகத்துக்கு ஏற்பக் கூடும் தடை. கோடு வளைந்து இறங்கும். பெரும்பாலான அமைப்புகளில் இரண்டும் கலந்தே வரும், அவற்றைப் பிரித்தறிவதுதான் நல்ல பயிற்சி. ஒரே ஓட்டத்திலேயே பெரிய வீச்சிலிருந்து சிறிய வீச்சு வரை அலைவு நேரம் சுருங்குவதையும் பார்த்துவிடலாம்: கலிலியோவின் கூற்று எங்கே தளர்கிறது என்று மாணவரே கண்டுகொள்வார்.

இதற்கு அமைப்பு சரியாக இருக்க வேண்டும். தாங்கு சட்டம் ஆடினால் ஊசலின் ஆற்றல் அதற்குள் கசியும். ஊசல் அசையாமல் தொங்கும்போது உணரி காட்டும் எண்ணையே சுழியாகக் கொள்ள வேண்டும். தொழிற்சாலைக்கென்று செய்த என்கோடர்களில் தூசு புகாமல் அடைத்த தாங்கிகள் ஊசலுக்கு வேண்டாத பாரம். அத்தகையவற்றை விட்டு, தனியாகத் தாங்கிகளில் பொருத்திய அச்சின் முனையில் காந்தத்தை ஒட்டி, எதிரே ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளியில் காந்த உணரியை நிறுத்தினால் உணரியால் வரும் உராய்வு இல்லை. எஞ்சுவது தாங்கியின் உராய்வும் காற்றின் தடையும்தான்.