குழலுக்கு அடியில் இருக்கிற எழுத்து: ஒரு ஸ்பானியத் துவக்கை வாசித்தல்

பிரித்தானியாவிலோ அமெரிக்காவிலோ ஒரு வயது போனவர் இறந்தால், அலுமாரிக்குள்ளிருந்து பழைய இரட்டைக்குழல் துவக்கு ஒன்று வெளியே வருவது அங்கே வழமையான விஷயம். பிள்ளைகளின் முதல் கேள்வி "இது எவ்வளவுக்குப் போகும்?" இரண்டாவது, "இது எங்கத்தையது?" கேள்விகள் இந்த ஒழுங்கில் வருவதுதான் பிரச்சினை. இரண்டாவதற்குப் பதில் தெரியாமல் முதலாவதற்குப் பதில் சொல்லவே ஏலாது. அந்தத் துவக்கு ஸ்பெயினில் செய்யப்பட்டதாக இருந்தால் பதில் பெரும்பாலும் ஓர் ஊரின் பெயரில் போய் நிற்கும்: எய்பார்.

எய்பார், பாஸ்க் நாட்டின் கிபுஸ்கோவா மாகாணத்தில் மலைகளுக்கு இடையில் இறுகிக் கிடக்கிற சின்ன ஊர். நூற்றாண்டுக் கணக்காக அங்கே துவக்குத்தான் தொழில். ஒரே கூரைக்குக் கீழே எல்லாம் நடக்கிற பெரிய ஆலைகள் சிலதான் இருந்தன. குழல் செய்பவர் ஒருவர், மரப்பிடங்கு கடைபவர் இன்னொருவர், செதுக்கு வேலைக்காரர் வேறொருவர் என்று சின்னச் சின்னப் பட்டறைகளாகத்தான் கனக்க வேலை நடந்தது. ஓவியர் இக்னாசியோ சுலோவாகா 1870இல் பிறந்தது அந்த ஊரில்தான். அவருடைய தகப்பன் பிளாசிதோ சுலோவாகா, இரும்பில் பொன்னிழை பதிக்கிற வேலையில் பேர்பெற்றவர். ஆனால் உங்கள் கையில் இருக்கிற துவக்கில் அப்படியான கைகள் எதன் பெயரும் இருக்காது. மேலே இருப்பது கொம்பனியின் பெயர் மட்டும். சிலவேளை அதுவும் இல்லை, விற்ற கடையின் பெயர்தான் இருக்கும். வெளிநாட்டு இறக்குமதிக்காரர் தங்கள் பெயரைப் பொறிக்கச் சொல்லி வாங்கிய துவக்குகள் ஏராளம். ஆகவே குழலின் மேல் இருக்கிற எழுத்தை மட்டும் வாசித்துவிட்டு "இது இன்னார் செய்தது" என்று முடிவெடுக்க வேண்டாம்.

உண்மையான ஆவணம் கீழே இருக்கிறது. (தோட்டா இல்லை என்று முதலில் இரண்டு தரம் பார்க்க வேண்டும். அனுமதிப்பத்திரம் இல்லாத வீட்டில் என்றால் துவக்கைத் தொடுவதற்கு முதல் பொலிசுக்குச் சொல்ல வேண்டும்.) குழலுக்குக் கீழே கையால் தாங்கிப் பிடிக்கிற மரத்துண்டைக் கழற்றி, குழல்களை வேறாக எடுத்துத் திருப்பினால் பின்பக்கத்தில் தட்டையான ஓரிடம் தெரியும். அங்கேதான் சோதனைச்சாலையின் முத்திரைகள். ஒவ்வொரு குழலையும் வழமையை விடப் பலமான மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, வெடிக்காமல் தாங்கினால் முத்திரை குத்துவார்கள். ஸ்பெயினில் 1923இல் இது சட்டத்தால் கட்டாயமானது. 1927இலிருந்து வருடத்தைக் குறிக்க ஓர் எழுத்தையும் சேர்த்தார்கள். ஏ என்றால் 1927, பி என்றால் 1928, சி என்றால் 1929. அடுத்தது டி இல்லை, சிஎச். அந்தக் காலத்து ஸ்பானிய அகரவரிசையில் சிஎச், எல்எல் இரண்டும் தனி எழுத்துகள். இது தெரியாமல் ஆங்கில அகரவரிசையில் எண்ணினால் வருடம் பிழைத்துப்போகும். இசட் 1954இல் முடிய, 1955இல் ஏ1 என்று திரும்பத் தொடங்கினார்கள்.

கல்வெட்டுப் பாடம் படித்தவர்களுக்கு இது புதிசில்லை. சோழர் கல்வெட்டில் "இத்தனையாவது யாண்டு" என்றிருந்தால், அந்த அரசன் எப்போது பட்டத்துக்கு வந்தான் என்று தெரிந்தால்தான் கணக்குச் சரிவரும். இங்கேயும் அதே மாதிரி, திறப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது.

மற்றக் குறிகளும் பேசும். 12 என்பது குழலின் அளவு. ஒரு இறாத்தல் ஈயத்தில் ஒரே அளவான 12 குண்டுகள் வார்த்தால், அதில் ஒன்றின் விட்டம்தான் குழலின் விட்டம், ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர். அதனால்தான் 20 என்பது 12ஐ விட ஒடுக்கம். பக்கத்தில் 65 அல்லது 70 என்று இருந்தால் அது தோட்டா இருக்கிற அறையின் நீளம், மில்லிமீற்றரில். இது விலையை மட்டும் தீர்மானிக்கிற எண் இல்லை. 65 அறைக்குள் இன்றைய 70 தோட்டா சிரமமில்லாமல் போய் இருக்கும். ஆனால் சுடும்போது அதன் வாய் விரிய இடம் இல்லாமல் அழுத்தம் ஏறும். பழைய துவக்கை ஆசைக்கு ஒருக்கால் சுட்டுப் பார்ப்பம் எண்டு வெளிக்கிடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய எண் அதுதான். கனபேரைக் குழப்புகிற இன்னொன்று நட்சத்திரங்கள். அவை தரத்துக்குக் கொடுத்த புள்ளிகள் இல்லை. குழலின் வாய் எவ்வளவு ஒடுங்கியிருக்கிறது என்பதைச் சொல்பவை. ஒரு நட்சத்திரம் என்றால் ஆக ஒடுங்கியது. நட்சத்திரம் கூடக் கூட வாய் அகலும்.

இனி அந்த வருட எழுத்துக்கு வருவோம், ஏனென்றால் எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். முதலாம் உலகப்போரில் எய்பார் கொழுத்தது. 1915இலிருந்து பிரெஞ்சு இராணுவம் 'ரூபி' என்ற கைத்துப்பாக்கியை அங்கே பெருந்தொகையாக வாங்கியது. ஒரு கொம்பனியால் செய்து முடிக்க முடியாமல் ஊரெல்லாம் பிரித்துக் கொடுத்தார்கள். சிலது நல்லது, சிலது படுமோசம். "ஸ்பானியத் துவக்கு மலிவுச் சாமான்" என்ற பெயருக்கு அந்த அவசரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. போர் முடிய ஓடர்கள் நின்றன. 1920களில் பட்டறைகள் வேறு வேலை தேடின. இன்றைக்கு மிதிவண்டி ஓட்டப் போட்டிகளில் நாங்கள் பார்க்கிற ஓர்பேயா, 1840இல் எய்பாரில் துவக்குச் செய்யத் தொடங்கிய கொம்பனி. துவக்குக் குழல் செய்யத் தெரிந்தவனுக்குச் சைக்கிள் குழாய் பெரிய வேலையா? 1920இல் துவக்குத் தொழிலாளர் தாங்களே சேர்ந்து தொடங்கிய அல்ஃபா என்ற கூட்டுறவு, தையல் இயந்திரத்துக்கு மாறியது.

இப்படித் தொழிற்சங்கமும் சோசலிசமும் ஊறிய ஊர் என்பதால்தான், 1931 ஏப்ரல் 14 விடியற்காலை, மட்றிட்டுக்கும் முதல், குடியரசுக் கொடியை ஏற்றிய ஊராக எய்பார் ஆனது. ஆறு வருடம் கழித்து, 1937 ஏப்ரல் கடைசியில், பிராங்கோவின் பக்கம் நின்ற இத்தாலிய விமானங்கள் அதன் மீது குண்டு போட்டன. ஊரின் நடுப்பகுதி எரிந்து போனது. அதே நாட்களில், ஏப்ரல் 26, குவேர்னிகாவும் எரிந்தது. குவேர்னிகாவுக்குப் பிக்காசோவின் ஓவியம் இருக்கிறது. எய்பாருக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. உலகம் நினைவு வைத்திருக்கிற அழிவுக்கும் அழிந்ததின் அளவுக்கும் நேரான தொடர்பு இல்லை என்பது எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எழுத்துப் பட்டியலில் 1936க்கு ஐ, 1937க்கு ஜே. போருக்கு முந்தின ஹெச் எழுத்துத் துவக்கையும், போர் முடிந்த பிறகு வந்த எல்எல் எழுத்துத் துவக்கையும் பக்கத்தில் வைத்தால் தோற்றத்தில் அவ்வளவு வித்தியாசம் இருக்காது. ஒன்று கொடி ஏற்றிய ஊரில் செய்தது. மற்றது எரிந்த ஊரில், வென்றவர்களின் ஆட்சியில் செய்தது. ஆனால் ஏலக் கொம்பனியின் பட்டியலில் இரண்டுக்கும் ஒரே வரிதான்: "ஸ்பானிய, 12, நல்ல நிலை".

விலைக்கு வருவோம். முதலில் பொறி எந்த வகை என்று பார்ப்பார்கள். 1875இல் பேர்மிங்காமில் அன்சனும் டீலியும் கண்டுபிடித்த 'பொக்ஸ்லொக்' எளிமையானது, உறுதியானது, ஸ்பெயினில் ஏராளமாகச் செய்யப்பட்டது, ஆகவே மலிவு. 'சைட்லொக்' என்பது பொறி முழுவதையும் இரண்டு பக்கத் தகடுகளில் பொருத்தியது. கைவேலை கூட, விலையும் பல மடங்கு. 1915இல் தொடங்கிய 'ஆயா' (அகிர்ரே, அரன்சாபல் என்ற இருவரின் பெயர்ச் சுருக்கம்), ஆங்கிலேயரின் ஹொலண்ட் அன் ஹொலண்ட் மாதிரியைப் பார்த்து இந்த வகையைச் செய்து, அவர்களுக்கே விற்றது. அரியெத்தா, கார்பி போன்ற பெயர்களுக்கும் மதிப்பு உண்டு. ஏமாற்றும் இருக்கிறது: பொக்ஸ்லொக்கின் மேல் அழகுக்காக வெறும் தகடு ஒட்டி சைட்லொக் போலக் காட்டுவார்கள். உண்மையான சைட்லொக்கின் தகட்டில், உள்ளே பொறியைத் தாங்குகிற ஆணிகளின் தலைகள் வெளியே தெரியும்.

அதுக்குப் பிறகு நிலைமை. குழலை விரலில் தொங்கவிட்டு மெல்லத் தட்டினால் மணி மாதிரி ஒலிக்க வேண்டும். அடைத்த சத்தம் வந்தால் இரண்டு குழலையும் சேர்க்கிற ஈயப்பற்று எங்கேயோ விட்டிருக்கிறது. மூடின பிறகு குழல் ஆடினால், திருகாணித் தலைகள் சிதைந்திருந்தால், உள்ளே துருக்குழி இருந்தால் விலை விழும். மினுக்கி விற்கலாம் என்று நினைத்து உரஞ்சுகிறவர்கள் குழலின் கனத்தையும் குறைக்கிறார்கள், சிலவேளை முத்திரையையும் அழித்துவிடுகிறார்கள். எழுத்துப் போனால் வருடமும் போச்சு. வாங்க வருகிறவர் அதுக்கும் சேர்த்துத்தான் விலையைக் குறைப்பார்.