பென்டாவேலன்ட் ஊசியின் ஐந்தாவது நோய்

குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள்.
6, 10, 14 வாரங்களில் "பென்டாவேலன்ட்" என்று இருக்கும். ஒரே ஊசி, ஐந்து நோய்களுக்கான தடுப்பு.

தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, ஹெபடைட்டிஸ் பி. இந்த நாலும் பல பேருக்குத் தெரியும்.
அஞ்சாவது என்னன்னு கேட்டா பெரும்பாலும் பதில் வராது.

அந்த ஐந்தாவதன் பெயர் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சா டைப் பி. சுருக்கமாக ஹிப்.
இந்தப் பெயர் யாருக்கும் தெரியாமல் போனதற்குப் பின்னால் மூன்று தலைமுறை மருத்துவர்களின் உழைப்பு இருக்கிறது நண்பர்களே. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம்.
1892இல் ரிச்சர்ட் ஃபைஃபர் என்ற ஜெர்மானிய மருத்துவர், ஃப்ளூ நோயாளிகளின் சளியில் இந்தக் கிருமியைப் பார்த்தார். ஃப்ளூவுக்கு இதுதான் காரணம் என்று நினைத்துவிட்டார். ஃப்ளூவை உண்டாக்குவது வைரஸ் என்பது 1933இல்தான் உறுதியானது. கிருமிக்கு வைத்த பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

இந்தக் கிருமி நிஜமாக என்ன செய்யும்?
சின்னக் குழந்தைகளுக்கு மூளை உறை அழற்சியை (மெனிஞ்ஜைட்டிஸ்) உண்டாக்கும். நிமோனியா கொண்டுவரும். குரல்வளை மூடி வீங்கி, சில மணி நேரத்தில் மூச்சை அடைக்கும்.
தடுப்பூசிக்கு முன்பு அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு சுமார் 20,000 குழந்தைகளுக்கு இந்தக் கிருமியால் தீவிரத் தொற்று வந்தது. 5 வயதை எட்டுவதற்குள் ஏறக்குறைய 200 குழந்தைகளில் ஒருவருக்கு!

1933இல் பாஸ்டனில் ஃபாதர்கில், ரைட் என்ற இருவர் ஓர் எளிய கேள்வி கேட்டார்கள். இந்த நோய் ஏன் குறிப்பிட்ட வயதுக் குழந்தைகளை மட்டும் இப்படித் தாக்குகிறது?
வெவ்வேறு வயதினரின் ரத்தத்தை எடுத்து, அது கிருமியைக் கொல்கிறதா என்று சோதித்தார்கள்.
பிறந்த குழந்தையின் ரத்தம் கொன்றது. அது தாய் கொடுத்த ஆன்டிபாடி. பெரியவர்களின் ரத்தமும் கொன்றது.
சுமார் 2 மாதம் முதல் 3 வயது வரை உள்ளவர்களின் ரத்தத்தில்தான் அந்தச் சக்தி இல்லை. தாய் கொடுத்தது தீர்ந்துவிட்டது, சொந்தமாக இன்னும் உருவாகவில்லை.
இந்த வயது இடைவெளியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கதையும் அதைச் சுற்றித்தான்.

அந்தக் காலத்தில் ஹிப் மெனிஞ்ஜைட்டிஸ் வந்தால் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் இறந்தன.
நியூயார்க்கில் குழந்தை மருத்துவர் ஹாட்டி அலெக்சாண்டர் இதைக் கையில் எடுத்தார். குதிரை சீரம் வேலை செய்யவில்லை. முயலில் சீரம் தயாரித்து 1939இல் முடிவுகளை வெளியிட்டார். பிறகு அதோடு சல்ஃபா மருந்தையும் சேர்த்தார்.
சில ஆண்டுகளில் இறப்பு 25 சதவீதத்துக்குக் கீழே வந்தது.
கல்லூரியில் படிப்பை விட விளையாட்டில்தான் ஆர்வம் என்று பெயரெடுத்தவர் இவர். 1964இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ சங்கத்தின் முதல் பெண் தலைவரானார்.

அப்புறம் ஆன்டிபயாட்டிக்குகள் வந்தன. பிரச்சினை முடிந்ததா? இல்லை.
பிழைத்த குழந்தைகளில் 15 முதல் 30 சதவீதம் பேருக்குக் காது கேளாமை, வலிப்பு, வளர்ச்சிக் குறைபாடு என்று ஏதாவது ஒன்று மிஞ்சியது. 1974இல் ஆம்பிசிலினுக்கே அடங்காத ஹிப் கிருமிகள் பற்றிய செய்திகள் வர ஆரம்பித்தன.
வந்த பிறகு விரட்டுவதை விட, வராமல் தடுப்பதுதான் வழி என்பது தெளிவானது.

1960களின் கடைசியில் இரண்டு அணிகள் தனித்தனியாக இறங்கின.
ஓர் அணியில் குழந்தை மருத்துவர்கள் ஜான் ராபின்ஸும் ரேச்சல் ஷ்னீர்சனும். இன்னோர் அணியில் குழந்தை மருத்துவர் டேவிட் ஸ்மித்தும் நுண்ணுயிரியலாளர் போர்ட்டர் ஆண்டர்சனும்.
இரு அணிகளும் ஒரே இடத்தைக் குறிவைத்தன. ஹிப் கிருமி தன்னைச் சுற்றி ஒரு சர்க்கரை உறையைப் போர்த்தியிருக்கும். அந்த உறையைப் பிரித்தெடுத்துத் தடுப்பூசியாக்கினார்கள்.

அதைப் பெரிய அளவில் சோதித்தது ஃபின்லாந்து. 1974இல் ஹெலனா மேக்கலா, ஹெய்க்கி பெல்டோலா குழுவினர் 3 மாதம் முதல் 5 வயது வரையிலான ஏறக்குறைய 1 லட்சம் குழந்தைகளைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு ஹிப் ஊசி, மீதிப் பேருக்கு வேறொரு கிருமிக்கான ஊசி.

முடிவு?
ஒன்றரை வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நல்ல பாதுகாப்பு.
அதற்குக் கீழே இருந்தவர்களுக்குப் பலனே இல்லை!
அதாவது யாருக்கு இந்த ஊசி மிக அவசியமோ, அவர்களிடமே தோற்றது.

இதை அவர்கள் பூசி மெழுகவில்லை. வயது வாரியாகப் பிரித்து, இங்கே வேலை செய்கிறது, இங்கே செய்யவில்லை என்று 1977இல் வெளியிட்டார்கள். பெரியவங்களையும் சின்னவங்களையும் சேர்த்து ஒரே சராசரியா காட்டியிருந்தா ஊசி "வெற்றி" மாதிரியே தெரிஞ்சிருக்கும். கைக்குழந்தைகள் தொடர்ந்து செத்துக்கிட்டே இருந்திருப்பாங்க.
என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றின் திருப்புமுனை அந்த நேர்மையான அட்டவணைதான்.

ஏன் தோற்றது?
கைக்குழந்தையின் எதிர்ப்பு சக்தி சர்க்கரையைக் கண்டுகொள்ளாது. அதற்கு டி செல்களின் துணை வேண்டும். டி செல்கள் புரதத்தைத்தான் அடையாளம் காணும்.
அப்படியானால் சர்க்கரையைப் புரதத்தோடு வேதிமுறையில் கட்டிவிட்டால்?
பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்களே, அதேதான். நியூயார்க்கில் ஏவரியும் கோபலும் வேறொரு கிருமியின் சர்க்கரையை வைத்து, புரதத்தோடு கட்டினால் எதிர்ப்பு சக்தி வரும் என்று 1931 வாக்கிலேயே காட்டியிருந்தார்கள். ஏறக்குறைய அரை நூற்றாண்டாக அந்த யோசனை தூங்கிக்கொண்டிருந்தது.

1980இல் ஷ்னீர்சன், ராபின்ஸ் குழு ஹிப் சர்க்கரையைப் புரதத்தோடு இணைத்துக் காட்டியது. ஸ்மித்தும் ஆண்டர்சனும் நச்சு நீக்கப்பட்ட டிப்தீரியா புரதத்தோடு இணைத்தார்கள். ஸ்மித் அப்போது ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் குழந்தை மருத்துவத் துறைத் தலைவர். மருந்து நிறுவனங்கள் ஆர்வம் காட்டாததால், 1983இல் தானே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார்.

1990இல் 2 மாதக் குழந்தைக்கே போடலாம் என்று அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.
1933இல் கண்டுபிடித்த இடைவெளியை அடைக்க 57 ஆண்டுகள்!
அதன்பின் அங்கே சிறு குழந்தைகளிடம் இந்த நோய் 99 சதவீதம் குறைந்தது. 1996இல் நால்வருக்கும் சேர்த்து லாஸ்கர் விருது கொடுத்தார்கள்.

"அது பணக்கார நாட்டு நோய்" என்று சொன்னவர்களும் உண்டு. ஆப்பிரிக்காவின் காம்பியாவில் 42,000க்கும் மேற்பட்ட கைக்குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 1997இல் வெளிவந்தது. ஹிப் தீவிரத் தொற்று 95 சதவீதம் குறைந்தது. எக்ஸ்ரேயில் உறுதியான நிமோனியாவே ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

இந்தியாவில்? 2011 டிசம்பரில் அரசுத் திட்டத்தில் பென்டாவேலன்ட் முதலில் வந்தது இரண்டு மாநிலங்களில்: தமிழ்நாடு, கேரளா. அமெரிக்கக் கைக்குழந்தைக்குக் கிடைத்து 21 ஆண்டுகள் கழித்து. தனியாரில் காசு கொடுத்துப் போட முடிந்தவர்களுக்கு மட்டும் இருந்த பாதுகாப்பு, அன்றுமுதல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது.
வெற்றி பெற்ற தடுப்பூசி, தான் தடுக்கும் நோயை மக்களின் நினைவிலிருந்தும் அழித்துவிடும். நோயையே பார்க்காதவர்களுக்கு "இந்த ஊசி எதுக்கு?" என்று தோன்றுவது இயல்பு. முதல் ஊசியில் காய்ச்சல் வந்ததென்று இரண்டாவதைத் தள்ளிப்போடுவது அதனால்தான்.
ஊசிக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் லேசான காய்ச்சலும் போட்ட இடத்தில் வீக்கமும் வரலாம். பாராசிட்டமால் எவ்வளவு கொடுக்கணும் என்பதை செவிலியர் சொல்வார். அதற்காக அடுத்த தவணையை விட்டுவிடாதீர்கள்.

6, 10, 14. மூன்றும் முக்கியம்.
ஏதாவது ஒரு தவணை விடுபட்டிருந்தால், "லேட் ஆயிடுச்சே, திட்டுவாங்களோ" என்று தயங்க வேண்டாம். வரும் புதன்கிழமை அட்டையோடு அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்கு வாங்க. விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.