'ஆணா, பெண்ணா' என்பதைத் தாண்டி டாக்டர் கேட்கலாமா? நோயாளியின் உரிமை என்ன?

பெங்களூருவில் ஒரு மருத்துவமனையின் ஓபி கவுன்ட்டர். பின்னால் நீண்ட வரிசை, பக்கத்தில் அம்மா. அங்கே நின்றுகொண்டு "நான் திருநம்பி" என்றோ, "என் பார்ட்னரும் ஆண்தான்" என்றோ எத்தனை பேரால் சொல்ல முடியும்?

ஆனால், சிகிச்சைக்கு அந்தத் தகவல் சில நேரம் அவசியம்.

ஏன் கேட்கிறார்கள்?

ஒருவர் தன்னை எந்தப் பாலினமாக உணர்கிறார் என்பது பாலின அடையாளம். யார் மீது ஈர்ப்பு என்பது பாலீர்ப்பு. இரண்டும் வேறு வேறு.

கருப்பை வாய் உள்ள திருநம்பிக்கு அதற்கான புற்றுநோய்ப் பரிசோதனை தேவை. ஃபைலில் 'ஆண்' என்று மட்டும் இருந்தால் அது விடுபடலாம். திருநங்கைகளுக்கு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் புரோஸ்டேட் சுரப்பி பொதுவாக இருக்கும்.

கேட்டால் கோபப்படுவார்களா?

அமெரிக்காவில் 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், பாலீர்ப்பு பற்றிக் கேட்டால் நோயாளிகள் பதில் சொல்ல மறுப்பார்கள் என்று சுமார் 78% மருத்துவப் பணியாளர்கள் நினைத்தனர். மறுப்போம் என்ற நோயாளிகள் சுமார் 10% பேர்தான்.

குடும்பமே கூட வரும் நம் ஊரில், எங்கே வைத்துக் கேட்கிறார்கள் என்பது ரொம்ப முக்கியம். தனி அறையில், காரணத்தைச் சொல்லி, 'சொல்ல விருப்பமில்லை' என்ற வாய்ப்பையும் கொடுத்துக் கேட்பதே சரியான முறை.

சட்டம் என்ன சொல்கிறது?

- தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014-இல் நால்சா வழக்கில் அங்கீகரித்தது. 2018-இல் தன்பாலின உறவு குற்றமல்ல என்றது.
- மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பாலீர்ப்பின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது.
- திருநர் பாதுகாப்புச் சட்டம் 2019, மருத்துவச் சேவையில் பாகுபாட்டைத் தடை செய்கிறது.
- நோயாளியின் ரகசியம் காப்பது 2002 மருத்துவ நெறிமுறை விதிகளின்படி டாக்டரின் கடமை.

"இதை மாத்திடலாம்" என்று டாக்டர் சொன்னால்?

சென்னை உயர் நீதிமன்றத்தின் 2021 உத்தரவைத் தொடர்ந்து, அப்படிப்பட்ட 'மாற்று சிகிச்சை' தொழில்முறை ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்தது. கர்நாடக மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம்.

நீங்கள் என்ன கேட்கலாம்?

"இது எதுக்கு டாக்டர்? ஃபைல்ல எழுதுவீங்களா? யாரெல்லாம் பார்ப்பாங்க?"

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். கம்பெனி இன்ஷூரன்ஸில் க்ளெய்ம் செய்தால், டிஸ்சார்ஜ் சம்மரி காப்பீட்டு நிறுவனத்துக்கும் போகும்.