திரட்டுப்பால் மாப்பிள்ளை

லேக் கார்டன்ஸில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், பேரக் குழந்தைகள் பள்ளியில் கேட்ட வங்கக் கதையைச் சொல்வதும், பாட்டிமார் 'இது நம் ஊர்க் கதை போலன்றோ இருக்கிறது!' என்று வியப்பதும் நாம் காணும் காட்சியே. அவ்வியப்புக்கு உரியது, அவனீந்திரநாத் தாகூர் 1896-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'க்ஷீரேர் புதுல்'. பாலைச் சுண்டக் காய்ச்சிச் செய்த பொம்மை என்பது இதன் பொருள். நம் வழக்கில் திரட்டுப்பால் பொம்மை எனலாம்.

அரசனுக்குத் தேவியர் இருவர். இளையவள் சுவோராணி, அவன் அன்புக்கு உரியவள். மூத்தவள் துவோராணி, புறக்கணிக்கப்பட்டவள். அயல்நாடு செல்லும் அரசனிடம் இளையவள் அணிகலன்களும் ஆடையும் வேண்டுகிறாள். மூத்தவளோ ஒரு குரங்கை மட்டும் கேட்கிறாள். அக்குரங்கே அவளுக்கு மகனாகிறது. மூத்த அரசி கருவுற்றாள் என்று அரசனிடம் பொய்யுரைக்கிறது. மகன் பிறந்தான் என்கிறது. திருமணத்துக்கு முன் மகன் முகத்தைக் கண்டால் பார்வை போய்விடும் என்கிறது. ஒவ்வொரு பொய்யும் அடுத்த பெரும்பொய்யைக் கேட்கிறது. திரும்பி இறங்க வழியில்லாத படிக்கட்டு இது. மணநாளும் வந்துவிட, திரட்டுப்பால் மாப்பிள்ளையைப் பல்லக்கில் ஏற்றிப் புறப்படுகிறது குரங்கு. வழியில் ஆலமரத்தடியில், பசித்திருந்த சஷ்டி தேவி அப்பொம்மையைத் தின்றுவிடுகிறாள். கையும் களவுமாய்ப் பிடிபட்டவள், ஈடாக உயிருள்ள பிள்ளையைத் தருகிறாள். பொய் மெய்யாகிறது.

இக்கதையில் திரும்பத் திரும்ப வருவன இனிப்பும் பசியும். இளையவள் நஞ்சிட்டு அனுப்பும் பண்டம் மூத்தவளின் உயிரைப் பறிக்கப் பார்க்கிறது. குரங்கு மூலிகையால் அவளைக் காக்கிறது. பின்னர் வரும் இனிப்போ பிள்ளை வரம் பெற்றுத் தருகிறது. கேடு செய்ய வந்த பொருளே வேறொரு கையில் வாழ்வளிக்கும் பொருளாக மாறும் இவ்வமைப்பே கதையின் முதுகெலும்பு.

வங்கத்தில் சஷ்டி, குழந்தைகளைக் காக்கும் தாய்; பூனை அவள் ஊர்தி. நமக்கோ சஷ்டி முருகனுக்குரிய நாள். மகாபாரத வனபருவம் முருகன் தேவியாகிய தேவசேனையையே சஷ்டி எனவும் அழைக்கிறது. 'சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்' என்று பிள்ளைப்பேற்றைக் குறித்து நம் பெரியோர் சொல்வதையும் ஈண்டு எண்ணிப் பார்க்கலாம். பாட்டிமாரின் வியப்புக்குக் காரணம் இருக்கிறது.

அந்தத் தேவி காட்டும் குழந்தைகள் உலகம், வங்கத் தாலாட்டுகளிலும் சிறுவர் பாடல்களிலும் வரும் மாந்தரால் நிரம்பியது. தொட்டிலில் கேட்டது ஏட்டில் ஏறிற்று. இரவீந்திரநாதரின் துணைவியார் மிருணாளினி தேவி எழுதிவைத்த குறிப்பேட்டிலிருந்தே இக்கதைக் கரு கிடைத்தது என்பர். 1907-இல் தட்சிணாரஞ்சன் மித்ர மஜும்தார், 'டாகுர்மார் ஜூலி', அதாவது 'பாட்டியின் பை', என்ற தொகுப்பை வெளியிட்டார். ஒருவர் எழுதிவைத்ததால், நூற்றாண்டு கடந்தும் அக்கதைகள் குழந்தைகளைச் சென்றடைகின்றன.

நம் இல்லங்களில் நிலாவை அழைக்கும் பாட்டும், மூத்தாள் இளையாள் கதைகளும் பாட்டிமாரின் நாவில் மட்டுமே வாழ்கின்றன. அவர்களோடு அவையும் மறைந்தால், நம் பேரர்கள் வங்கக் கதையை அறிவார்கள். அது தம் கதைக்கும் உறவு என்பதை அறியமாட்டார்கள். ஆகவே வீட்டுக்கு ஒரு குறிப்பேடு வைப்போம். இன்றிரவு பாட்டி சொல்லும் கதையை, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதத் தொடங்குவோம்.