மகாத் குளமும் தாமோதர் நதியும்

அண்ணல் அம்பேத்கர் அவர்களை அரசியலமைப்புச் சட்டத்தின் சிற்பியாக நாம் அனைவரும் அறிவோம். ஆயின், இந்நாட்டின் நதிநீர்க் கொள்கைக்கு வித்திட்டவருள் அவரும் ஒருவர் என்பதை அறிந்த இளைஞர் மிகச் சிலரே. ஆசிரியப் பணியில் பல்லாண்டு கழிந்த பின்னரே நாமும் அதனை அறிந்தோம்.

சதாராவில் பயின்ற காலத்தில் பள்ளிக் குழாயைத் தொடும் உரிமை சிறுவர் பீமராவுக்கு இல்லை. சேவகர் திறந்துவிட்டால் குடிக்கலாம். சேவகர் வாராத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டும்.

1923 ஆகஸ்டில், பொதுப்பணத்தால் அமைந்த கிணறுகளும் குளங்களும் யாவர்க்கும் பொது என்னும் தீர்மானத்தைப் பம்பாய்ச் சட்டசபையில் எஸ். கே. போலே கொண்டுவந்தார். மறு ஆண்டு மகாத் நகராட்சி, சௌதார் குளத்தைத் திறந்துவிட்டதாக ஏட்டில் எழுதிக்கொண்டது. அதே 1924 இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசனார் பொதுச் சாலை, கிணறு, குளம் ஆகியவற்றுக்காகக் கொணர்ந்த தீர்மானம் நிறைவேறி அரசாணையும் பிறந்தது. அன்று சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்த நம் தருமபுரிப் பகுதிக்கும் அவ்வாணை உரியதே. ஆணை வந்த பின் நம் குடம் ஊர்க் கிணற்றில் இறங்கியதா என்பதை நம் வீட்டு முதியோரைக் கேட்டறிக.

அண்ணல் 1927 பிப்ரவரியில் பம்பாய்ச் சட்டசபையின் நியமன உறுப்பினரானார். மார்ச் 20 ஆம் நாள் மகாத் சென்று, மக்கள் புடைசூழ, அக்குளத்து நீரைக் கையால் அள்ளிப் பருகினார். வந்திருந்தோர் அடிபட்டனர்; குளத்திற்குத் ‘தீட்டுக்’ கழித்தனர். வழக்கு நீண்டு, 1937 மார்ச்சில்தான் உயர்நீதிமன்றம் நம்மவர் பக்கம் தீர்ப்பளித்தது.

1942 இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அவர் தொழிலாளர் உறுப்பினரானபோது பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் வந்தன. மறு ஆண்டு தாமோதர் நதி கரையுடைத்து வங்காளத்தை வருத்தியது. கரையை உயர்த்துவதே அதுவரை கண்ட பரிகாரம். அண்ணலோ, மாகாண எல்லைகளைக் கருதாது ஆற்றின் பள்ளத்தாக்கு முழுவதையும் ஒன்றாகக் கொள்ள வேண்டும் என்றார். வெள்ளத் தடுப்பு, பாசனம், மின்சாரம், படகுப் போக்குவரத்து யாவும் ஒரே திட்டத்தில் அடங்கின. அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு அமைப்பு இதற்கு முன்மாதிரி. 1945 ஜனவரியில் கல்கத்தாவிலும் நவம்பரில் கட்டாக்கிலும் மாநாடுகளில் இக்கருத்தை விளக்கினார். மிகை நீர் தீங்கன்று. அதனை வீணே கடலுக்கு விடாது தேக்க வேண்டும் என்பதே அவரது வாதம். இன்றைய மத்திய நீர் ஆணையத்தின் முன்னோடியும் அவ்வாண்டே தோன்றியது. தாமோதர் பள்ளத்தாக்குக் கழகச் சட்டம் 1948 இல் வந்தது.

அவர் கற்றது பொருளாதாரமும் சட்டமும், நீரியல் அன்று. பொறியாளர் அறிக்கைகளைப் பயின்றே இத்துறையில் தேர்ச்சி பெற்றார். பின்னாளில் எழுந்த பேரணைகளால் நிலமிழந்தோருள் பழங்குடியினரும் ஏழைகளும் மிகுதி என்பதையும் இங்குச் சொல்லியாக வேண்டும். அதனை மறைத்து எழுதுவது வரலாறாகாது.

நம் மாவட்டத்தின் நிலைமை வேறு. அரசியலமைப்பின் 15 ஆம் பிரிவு கிணறு, குளம், படித்துறை என்று பெயர் குறித்தே உரிமை வழங்கியுள்ளது. ஆயினும், நம் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்துள்ளது. பற்களில் பழுப்புக் கறை படிந்த மாணவர்களை நாம் ஆண்டுதோறும் வகுப்பறையில் கண்டிருக்கிறோம். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வார்கள். அந்நீருக்கு மாற்றாகக் காவிரி நீரைக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 இல்தான் தொடங்கி வைக்கப்பட்டது.