கால் போட்ட கணக்கு

கியரை ஏற்றுவது யாருக்கும் வந்துவிடும். கிளட்சை மிதித்து ஆக்சிலரேட்டரை விட்டால் எஞ்சின் தானாகவே தணிந்து அடுத்த கியருக்குத் தோதாக வந்துவிடும். இறக்கும்போதுதான் ஓட்டுகிறவருக்குச் சோதனை. ஒரு காரின் நாலாவது கியர் விகிதம் 1.0, மூன்றாவது 1.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலாவதில் நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றும் எஞ்சின், அதே வேகத்தில் மூன்றாவதுக்கு இறங்கினால் 5200 சுற்று சுற்றியாக வேண்டும். இடையிலிருக்கும் 1200 சுற்றை யார் கொடுப்பது? ஓட்டுகிறவர் கொடுக்காவிட்டால் டயர் கொடுக்கும். கிளட்ச் பிடிக்கும் கணத்தில் சக்கரங்கள் எஞ்சினை வலுக்கட்டாயமாக இழுத்துச் சுழற்றும். வளைவுக்கு முன்னால் கடுமையாக பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்பக்கம் சாய்ந்திருக்கும், பின் டயர்கள் லேசாகத்தான் தரையைத் தொட்டிருக்கும். எஞ்சின் விசை பின்சக்கரத்துக்குப் போகும் காராக இருந்தால், அந்த ஒரு இழுப்பில் பின் டயர் பிடியை விட்டுவிடும். கார் வந்த வழியைப் பார்த்துத் திரும்பி நிற்கும்.

அந்த 1200 சுற்றைக் கொடுக்கும் வேலை ஏறத்தாழ நூறாண்டு மனிதக் காலிடம் இருந்தது. பிறகு அது மெல்லக் கணினியிடம் போயிற்று. கோவையில் ரேஸ் கார்களுக்கு அடியில் படுத்து வேலை பழகியவன் நான். இப்போது செட்டிபாளையம் ரேஸ் பாதையில் இளைஞர்களுக்கு வேகமாக ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். பயிற்சிக்கு வருகிறவர்களில் சிலர் கணினியைத் திட்டுகிறார்கள், சிலர் காலால் செய்யும் வித்தை காலாவதியாகிவிட்டது என்கிறார்கள். அந்த வித்தை ஏன் பிறந்தது என்று கேட்டால் இரு தரப்பிலும் பதில் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தொடக்கம் 1890களின் பிரான்ஸ். எமில் லெவசோர் தன் காரில் வைத்த கியர்பெட்டியில், ஒரு பல்சக்கரம் தண்டின்மேல் நகர்ந்துபோய், சுற்றிக்கொண்டிருக்கும் இன்னொரு பல்சக்கரத்தோடு பொருந்த வேண்டும். இரண்டின் வேகமும் ஒத்திருந்தால் சத்தமில்லாமல் சேரும். இல்லாவிட்டால் பல்லோடு பல் உரசி அலறும், நாளாக ஆக உடையும். ஓட்டுகிறவர்கள் இதற்குக் கண்ட வழிதான் டபுள் கிளட்ச். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்சிலரேட்டரைத் தட்டி ஒரு ரைஸ் கொடுத்து, மறுபடி மிதித்துக் கீழ் கியரைப் போடுவது. நடுவில் கொடுக்கும் அந்த ரைஸ்தான் கணக்கு. குறைந்தாலும் கூடினாலும் கியர் உள்ளே போகாது.

என் மாமா பழைய லேலண்ட் லாரி ஓட்டினார். பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் சாலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். பாரம் ஏற்றிய லாரி ஒவ்வொரு வளைவுக்கும் வேகம் இழக்கும், ஒவ்வொன்றிலும் கியர் இறக்கியாக வேண்டும். பள்ளி விடுமுறையில் கிளீனர் பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போவேன். நியூட்ரலில் அவர் கொடுக்கும் ரைஸ் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருக்காது, சரிவுக்கும் பாரத்துக்கும் தகுந்தபடி மாறும். எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். "ஏத்தத்துல கியர் உளுகாமப் போச்சுன்னா லோடு வண்டி பின்னால போயிரும் கண்ணு. கைய நம்பாத, காத நம்பு" என்றார். நான் இன்று மாணவர்களுக்குச் சொல்லும் முதல் பாடமும் அதுதான்.

1928-ல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் சிங்க்ரோமெஷ் வந்தது. ஏர்ல் தாம்சன் என்ற பொறியாளரின் வேலை. பல் சேர்வதற்கு முன்னால் கூம்பு வடிவ உராய்வுப் பரப்பு ஒன்று மற்றதைத் தொட்டு, இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கிவிடும். சாதாரண ஓட்டுநருக்கு டபுள் கிளட்ச் தேவையில்லாமல் போனது. ஆனால் இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். சிங்க்ரோமெஷ் ஒன்றாக்குவது கியர்பெட்டிக்கு உள்ளே இருக்கும் பாகங்களின் வேகத்தை மட்டும். கிளட்சுக்கு அந்தப் பக்கம் இருக்கும் எஞ்சினை அது தொடுவதே இல்லை. கியர் வெண்ணெயாக உள்ளே போகும், கிளட்சை விட்டதும் வண்டி குலுங்கும். நான் சொன்ன 1200 சுற்று அப்படியே பாக்கி நிற்கிறது.

ரேஸ் பாதையில் இந்தப் பாக்கியோடு இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. இடது கால் கிளட்சில் இருக்கிறது. வலது கால் பிரேக்கை விடாமல் அழுத்த வேண்டும், அதே நேரத்தில் ஆக்சிலரேட்டரையும் தட்ட வேண்டும். அதற்குப் பிறந்ததுதான் ஹீல் அண்ட் டோ. பாதத்தின் முன்பகுதி பிரேக்கில் இருக்க, குதிகாலோ பாதத்தின் வெளி விளிம்போ ஆக்சிலரேட்டரைத் தட்டும். எல்லாக் கார்களிலும் பெடல் வரிசை ஒன்றாகவும் இல்லை. பந்தய ஓட்டுநர் ஃபாஞ்சியோ 1957-ல் ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் வென்ற மசெராட்டி 250எஃப்-ல் ஆக்சிலரேட்டர் நடுவில், பிரேக் வலப்பக்கம். அதிலிருந்து இறங்கி வழக்கமான காரில் ஏறும் ஓட்டுநரின் கால் எல்லாவற்றையும் புதிதாகப் பழக வேண்டும்.

அந்தக் காலத்தில் கியர் இறக்குவது வேகத்தைக் குறைக்கவும் தேவைப்பட்டது. டிரம் பிரேக்குகள் நீண்ட பந்தயத்தில் சூடேறிப் பிடி இழக்கும், மிச்சத்தை எஞ்சின்தான் தாங்க வேண்டும். 1953-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் இருவரும் டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி டைப்பில் வென்றபின் நிலைமை மாறத் தொடங்கியது. வண்டியை நிறுத்தும் வேலையை பிரேக் முழுதாக ஏற்றுக்கொண்டது. வளைவை விட்டு வெளியேறும்போது சரியான கியரில் இருக்க வேண்டும் என்பதே கியர் இறக்கும் நோக்கமாயிற்று. இந்த மாற்றத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். ஹீல் அண்ட் டோவில் முதல் மரியாதை பிரேக்குக்கு, ஆக்சிலரேட்டர் இரண்டாவது என்பது இதற்குப் பிறகுதான் உறுதியானது. 1960-ல் லெ மானில் ஃபெராரி ஓட்டி வென்ற பெல்ஜியப் பத்திரிகையாளர் பால் ஃப்ரேர், பந்தய ஓட்டக் கலையைப் புத்தகமாகவே எழுதினார். அதற்கு முன் பெரும்பாலும் ஒருவர் காலைப் பார்த்து இன்னொருவர் பழகுவதுதான் வழக்கம்.

1960களிலிருந்து பந்தயக் கார்களில் பரவிய ஹ்யூலண்ட் கியர்பெட்டிகளில் சிங்க்ரோமெஷே கிடையாது. 'டாக்' எனப்படும் பெரிய, முரட்டுப் பற்கள் நேராகப் பூட்டும். வேகமாக மாறும், தப்பினால் மன்னிக்காது. இந்தக் கியர்பெட்டிகளோடு வளர்ந்த தலைமுறையின் உச்சம் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஐர்டன் சென்னா. சுசூகா பாதையில் அவர் ஹோண்டா என்எஸ்எக்ஸ் ஓட்டும் படம் ஒன்று இருக்கிறது. காலில் பந்தய ஷூ இல்லை, லோஃபரும் வெள்ளை சாக்ஸும். கேமரா பெடல்களைப் பார்த்தபடி இருக்கிறது. என் மாணவர்களை நான் பார்க்கச் சொல்வது ஆக்சிலரேட்டரைத் தட்டும் விளிம்பை அல்ல, பிரேக்கில் பதிந்திருக்கும் முன்பாதத்தை. அது ஆடவில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

பந்தயத்தில் இந்தக் கலையின் முடிவு 1989 மார்ச்சில் பிரேசிலில் தொடங்கியது. ஜான் பர்னார்ட் வடிவமைத்த ஃபார்முலா ஒன் கார் ஃபெராரி 640-ல் கியர் கம்பு இல்லை. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு துடுப்புகள், விரலால் இழுத்தால் கியர் மாறும். பந்தயம் முழுவதும் தாங்காது என்றுதான் அணிக்குள்ளேயே நினைத்தார்கள். ஓட்டிய நைஜல் மான்சல், ஸ்டீயரிங் சக்கரத்தையே நடுவில் மாற்றிக்கொண்டும், அந்த முதல் பந்தயத்தை வென்றார். ஆனாலும் கம்பு உடனே சாகவில்லை. 1991-ல் சென்னா கடைசியாகப் பட்டம் வென்ற மெக்லாரனில் கையால் போடும் கியர்தான். அந்த ஆண்டு தன் சொந்த ஊரான சாவ் பாவ்லோவில், மற்ற கியர்களையெல்லாம் இழந்து ஆறாவதில் மட்டும் கடைசிச் சுற்றுகளை ஓட்டி வென்றார். சில ஆண்டுகளில் ஆக்சிலரேட்டரும் மின்னணுவுக்கு மாறியது. ஃபார்முலா ஒன்னில் கியர் இறக்கும்போது பிரேக் பிடிக்கும் கால் ஆக்சிலரேட்டரைத் தட்ட வேண்டிய தேவையே போயிற்று. வேகத்தை மட்டும் அளந்தால் வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. கணினி ஒவ்வொரு முறையும் சரியாகச் செய்யும், களைப்பு அதற்கில்லை. இதை மறுத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

சாலைக் கார்களில் இது தாமதமாக வந்ததற்குக் காரணம் ஒரு கம்பி. ஆக்சிலரேட்டரையும் எஞ்சினின் காற்றுக் கதவையும் உலோகக் கம்பி இணைத்திருந்தவரை, கதவைத் திறக்க முடிந்தது காலால் மட்டுமே. 1987-ல் பிஎம்டபிள்யூவின் 12 சிலிண்டர் 750-ல் அந்தக் கம்பிக்குப் பதில் மின்சாரச் சைகை வந்தது, மற்றவர்களும் மெல்ல அதற்கு மாறினார்கள். கதவு கணினியின் கைக்குப் போனபின், கிளட்சையும் கியர் கம்பையும் கண்காணிக்கச் சில உணரிகள் இருந்தால் போதும். 2008 கடைசியில் நிசான் 370 இசட் அதைச் செய்தது. கையால் கியர் போடும் காரில், இறக்கும்போது எஞ்சினைத் தானே ஏற்றிக் கொடுக்கும் முதல் ஏற்பாடு என்று அந்நிறுவனம் அறிவித்தது. கியர் கம்புக்குப் பக்கத்திலேயே எஸ் என்று எழுதிய பொத்தான், வேண்டாம் என்றால் அணைத்துவிடலாம். 2014-ன் கார்வெட்டில் இதற்காகவே ஸ்டீயரிங்கில் துடுப்புகள் வைத்தார்கள். போர்ஷே 2013-ல் 911 ஜிடி3-ஐத் தானியங்கிக் கியரோடு மட்டும் வெளியிட்டு ரசிகர்களின் கோபத்தைச் சம்பாதித்தது. 2016-ல் 991 கார்கள் மட்டும் செய்த 911 ஆர்-ல் கையால் போடும் கியரைத் திரும்பக் கொண்டுவந்தது, அடுத்த ஆண்டு ஜிடி3-க்கும் கொடுத்தது. ஆனால் சில பிஎம்டபிள்யூ எம் கார்களில், எஞ்சினைத் தானே ஏற்றிக் கொடுக்கும் உதவியை அணைக்க வேண்டுமென்றால், வண்டி சறுக்காமல் காக்கும் பாதுகாப்பு முழுவதையும் சேர்த்து அணைக்க வேண்டியிருந்தது. கற்க வந்தவனுக்கு அது ஆபத்தான நிபந்தனை.

இன்னொரு கேடும் ஓசையில்லாமல் நடந்தது. பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் ஒன்றாக அமுங்கினால் ஆக்சிலரேட்டரைப் புறக்கணிக்கும் மென்பொருள், 2009-10-ல் டொயோட்டா கார்கள் திரும்பப் பெறப்பட்டதற்குப் பிறகு எங்கும் பரவியது. தறிகெட்டு ஓடும் வண்டியை நிறுத்தும் நல்ல ஏற்பாடு அது. ஆனால் சில கார்களில் அது ஹீல் அண்ட் டோவையும் ஓட்டுநரின் தவறாக எடுத்துக்கொண்டு, தட்டினாலும் எஞ்சின் அசையாமல் செய்துவிடுகிறது.

கோவைக்கு வருகிறேன். 1980களின் பிற்பகுதியில் இங்கே எஸ். கரிவரதன் மாருதி 800-ன் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டினார். கார்புரேட்டர், கம்பி, மூன்று பெடல். சிறிய எஞ்சின், எந்த மின்னணு உதவியும் இல்லை. அவ்வகைக் கார்கள் ஓடிய ஃபார்முலா மாருதி பந்தயங்களில் பழகிய நாராயண் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரானார். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார், செட்டிபாளையம் பாதை அவர் பெயரைத்தான் தாங்குகிறது. அந்தச் சின்னக் கார்கள் சொல்லிக்கொடுத்ததை எந்தப் பள்ளியும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது என் எண்ணம். வலு குறைந்த எஞ்சினில் ஒரு கியரைக் கெடுத்தால் அடுத்த நேர்பாதை முழுக்க அதன் தண்டனையை அனுபவிக்க வேண்டும்.

கற்றுக்கொடுக்கும் இடத்தில் நான் பார்ப்பது இதுதான். கணினியின் உதவியோடு மட்டும் பழகியவர்கள் முதல் நாளே அழகாக இறக்குகிறார்கள். ஆனால் எந்த வேகத்தில் எந்த கியர் தாங்கும் என்பது அவர்கள் காதில் ஏறுவதில்லை. கணினி சுற்றுகளைத்தான் ஒத்துப்போக வைக்கும். ஐந்தாவதிலிருந்து நான்காவதுக்குப் போக வேண்டிய கை அவசரத்தில் இரண்டாவதில் விழுந்தால் அது தடுக்காது. கிளட்சை விட்டதும் சக்கரங்கள் எஞ்சினை அதன் எல்லைக்கு மேலே இழுத்துச் சுழற்றும், வால்வுகள் வளையும். கால் வழியாகக் கற்றவர் அந்தக் கணத்தில் தயங்குவார். ஏனென்றால் எவ்வளவு ரைஸ் வேண்டும் என்று அவர் கால் முன்பே அளந்துவைத்திருக்கிறது, தேவைப்படும் அளவு நடக்காதது என்று அவருக்குத் தெரியும். பந்தயத் துடுப்புக் கியர்பெட்டியில் இப்படித் தவறான கியருக்குத் தாவவே முடியாது. மூன்று பெடல் காரில் முடியும். அதனால் மூன்று பெடல் காரில் பழகுகிறவருக்கு இந்தப் பயிற்சி இன்றும் தேவை என்கிறேன்.

பைக்குகளில் நிலைமை வேறு. ஓசூரில் டிவிஎஸ் செய்யும் அப்பாச்சி ஆர்டிஆர் 310-ன் சில வகைகளில், 2023-லிருந்து, கிளட்சைத் தொடாமலே கியரை ஏற்றவும் இறக்கவும் முடிகிறது, ரைஸை எஞ்சின் தானே போட்டுக்கொள்கிறது. அங்கே நான் எதிர்ப்புச் சொல்லமாட்டேன். பைக்கில் கியர் மிதி ஒரு படி ஒரு படியாகத்தான் இறங்கும், கால் நழுவி இரண்டு கியர் தாண்ட வழியில்லை. முன் பிரேக்கை விரல்களால் பிடித்தபடியே அதே கையால் த்ராட்டிலை முறுக்கும் வேலையிலிருந்து விடுபட்டால், பழகாதவருடைய பிரேக் நிதானப்படும்.

பாதைக்கு வர நினைத்து மூன்று பெடல் கார் வாங்குகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. காசு கொடுக்கும்முன் இரண்டைச் சோதியுங்கள். சறுக்கல் பாதுகாப்பைத் தொடாமல், கியர் இறக்கும்போது ரைஸ் கொடுக்கும் உதவியை மட்டும் தனியாக அணைக்க முடிகிறதா என்று பாருங்கள். பிரேக்கை முழுதாக அழுத்திய நிலையில் உங்கள் வலது கால் ஆக்சிலரேட்டரை எட்டுகிறதா, எட்டித் தட்டினால் எஞ்சின் ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அந்தக் காரைப் பாதைக்கென்று வாங்காதீர்கள். இரண்டும் இருந்தால், உதவியை அணைத்துவிட்டுக் கற்றுக்கொள்ளத் தொடங்குங்கள்.