படகிலேயே குடியிருக்க ஆசையா? முதலில் சமையலறையைத் தயார்ப்படுத்துங்கள்

பாய்மரப் படகில் குடியேறி மாதக்கணக்கில் கடலில் சுற்ற ஆசையா? பாய், கயிறு, இயந்திரம் என்றுதான் பலரும் முதலில் யோசிப்பார்கள். ஆனால் கரை மறைந்த பிறகு படகு ஒரு வீடு. குழாய் அடைத்தாலும் விளக்கு அணைந்தாலும் நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும்.

புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கேரளத்தின் தில்னாவும் இந்தியக் கடற்படை அதிகாரிகள். 56 அடி நீளமுள்ள 'தாரிணி' படகில் 2024 அக்டோபர் 2ஆம் தேதி கோவாவிலிருந்து கிளம்பினார்கள். உலகைச் சுற்றிவிட்டு 2025 மே 29ஆம் தேதி திரும்பினார்கள். படகில் இவர்கள் இருவர் மட்டுமே. வழியில் நின்றது நான்கே துறைமுகங்களில். அதற்கு மூன்றாண்டுப் பயிற்சி!

சரி, உங்கள் படகுக்கு என்ன தேவை?

முதலில் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர் என்று வைத்தாலும், இருவருக்கு 30 நாளுக்கு 240 லிட்டர். அதாவது 240 கிலோ எடை. கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி உதவும். ஆனால் அதை மட்டுமே நம்பாதீர்கள். அது மின்சாரத்தைக் குடிக்கும், பழுதாகவும் செய்யும். கேன்களில் தனியாகக் கொஞ்சம் இருக்கட்டும்.

அடுத்தது, பலர் கவனிக்காத ஆபத்து: சமையல் எரிவாயு. அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் வெளியேறாமல் படகின் அடியில் தேங்கும். ஒரு சிறு பொறி போதும், வெடித்துவிடும். சிலிண்டரை மேல்தளத்தில் தனிப் பெட்டியில் வையுங்கள். கசிவு நேராகக் கடலுக்குப் போக அதில் துளை வேண்டும். சமைத்து முடித்ததும் சிலிண்டரிலேயே மூடுங்கள்.

சாப்பாட்டுக்கு ஃபேரர் பார்க் வட்டாரத்தை ஒரு சுற்று சுற்றினாலே போதும். குளிர்பதனப் பெட்டி இல்லாமல் தாங்கும் சாமான்கள் நம்மிடம் ஏராளம்: அரிசி, பருப்பு, புளி, ஊறுகாய், அப்பளம், கருவாடு (வாசனை உங்கள் பொறுப்பு!). பச்சைப்பயறு நிறைய வாங்குங்கள். முளைகட்டினால் காய்கறி தீர்ந்த பிறகும் வைட்டமின் சி கிடைக்கும். பிரஷர் குக்கர் கட்டாயம். எரிவாயு மிச்சம், படகு ஆடினாலும் சாம்பார் கொட்டாது. அட்டைப்பெட்டிகளைக் கரையிலேயே போட்டுவிடுங்கள், கரப்பான் முட்டை அதில்தான் ஏறிவரும்.

படகின் அடியில் நீர் புகக்கூடிய ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்தில் ஒரு மரக்கட்டை அடைப்பானைக் கட்டிவையுங்கள். உயிர்காப்பு மிதவை, அவசரச் சமிக்ஞைக் கருவி பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எல்லாம் தயாரா? கிளம்பாதீர்கள். படகுத்துறையிலேயே ஒரு வாரம், கரை மின்சாரமும் கரைத் தண்ணீரும் இல்லாமல் தங்கிப் பாருங்கள். விடியற்காலையில் ஒரு சுமத்ரா சூறைக்காற்று வந்தால் இன்னும் நல்லது. எது ஒழுகுகிறது, எது உருள்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.